வாசகர் கேள்வி பதில்: இரக்கம், பண்பாடு, நற்செய்திப் பணி

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு பொருள்களைப் பற்றியவை. திருஅவை இன்று இரக்கத்தை இவ்வளவு வலியுறுத்துவது ஏன் என்பது ஒன்று. நற்செய்தி ஒரு மக்களின் பண்பாட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பது மற்றொன்று. ஆகவே அவற்றையே இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் சிறுவயதில் பாவம், மனத்துயர், பரிகாரம் என்று கேட்டு வளர்ந்தவர்கள். இப்போது மறையுரைகளில் இரக்கம் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. இரக்கத்தை முன்னால் வைத்தால் மனந்திரும்புதல் பின்னால் போய்விடாதா? இது திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த புதிய போக்குதானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: ஐயா, இறுதியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இது பிரான்சிஸிடம் தொடங்கியதன்று. 1962 அக்டோபர் 11 அன்று, உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கிவைத்த திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவான், கண்டிப்பு என்னும் கருவியைவிட இரக்கம் என்னும் மருந்தையே திருஅவை இக்காலத்தில் விரும்பிப் பயன்படுத்துகிறது என்று சங்கத் தந்தையர் முன்னிலையில் கூறினார். நாசி ஆட்சியையும் பின்னர் பொதுவுடைமை ஆட்சியையும் தம் போலந்து மண்ணில் கண்டு வாழ்ந்த இரண்டாம் யோவான் பவுல், 1980 நவம்பர் 30 அன்று இறைஇரக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு சுற்றுமடல் எழுதினார். அவரே 2000 ஏப்ரல் 30 அன்று இறைஇரக்கப் பக்தியைப் பரப்பிய போலந்து அருள்சகோதரி பவுஸ்தீனாவைப் புனிதராக அறிவித்து, பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிற்றை இறைஇரக்க ஞாயிறாகவும் ஏற்படுத்தினார். பிரான்சிஸ் செய்தது, இந்த நீண்ட மரபைப் பங்குத்தளம் வரை கொண்டுவந்ததுதான்.

அவர் அறிவித்த இரக்கத்தின் சிறப்பு யூபிலி ஆண்டு 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை நடைபெற்றது. யூபிலியின் தொடக்க அடையாளமாக ஆலயத்தில் திறக்கப்படும் புனிதக் கதவுகளில் முதலாவதை அவர் உரோமையில் திறக்கவில்லை. கிறிஸ்தவர் பெயரிலும் இஸ்லாமியர் பெயரிலும் ஆயுதக் குழுக்கள் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில், நவம்பர் 29 அன்றே சென்று திறந்தார். இரக்கம் முதலில் எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மறையுரை தேவையில்லை என்று நான் நினைக்கிறேன்.

இனி மனந்திரும்புதல். லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் நிகழும் வரிசையைப் பாருங்கள். சக்கேயு தம் தவற்றை ஒப்புக்கொண்ட பிறகு இயேசு அவர் வீட்டுக்குச் செல்லவில்லை. ஊரார் முணுமுணுக்க, முதலில் வீட்டுக்குச் சென்றார். அதன் பிறகே சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காக உரியவருக்கும் கொடுப்பதாகச் சொன்னார். இரக்கம் முன்னால் வந்ததால் பரிகாரம் சுருங்கவில்லை. எந்தத் தீர்ப்பும் அவரிடமிருந்து வாங்கியிருக்க முடியாத அளவுக்கு அது பெருகியது.

நடைமுறையிலும் இதைக் காணலாம். கருக்கலைப்பு செய்தவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை யூபிலி ஆண்டில் எல்லா அருள்பணியாளர்க்கும் பிரான்சிஸ் அளித்தார். யூபிலி நிறைவில் எழுதிய மடலில் அதை நிலையானதாக்கினார். அதே மடலில், அது ஒரு மாசற்ற உயிரை அழிக்கும் கொடிய பாவம் என்பதையும் தம்மால் இயன்ற அழுத்தத்தோடு எழுதியிருக்கிறார். பாவத்தின் பெயர் மாறவில்லை. திரும்பி வருகிறவர் நடக்க வேண்டிய தூரம்தான் குறைந்திருக்கிறது. பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளம் நடைபெறும் இடம் வதைக்கூடமாக இருக்கக் கூடாது என்று அவர் அருள்பணியாளர்களாகிய எங்களுக்குச் சொன்னதை, நாங்கள் இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் பங்கில் பொங்கல் திருப்பலியின்போது குத்துவிளக்கு ஏற்றி ஆரத்தி எடுக்கிறார்கள். இது பிற சமய வழிபாட்டை நம் பீடத்துக்குக் கொண்டுவருவது ஆகாதா?
— வாசகி ஒருவர், தஞ்சாவூர்

கேள்வி: பண்பாட்டுமயமாதல் என்று சொல்லிச் சால்வையும் சமஸ்கிருதச் சொற்களும் வருகின்றன. எங்கள் தெருவின் பறையை ஆலயத்தில் அடிக்கக் கேட்டால் மட்டும் அது வழிபாட்டுக்கு ஆகாது என்கிறார்கள். யாருடைய பண்பாடு பண்பாடு?
— இளைஞர் ஒருவர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த இவ்விரு கடிதங்களையும் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவது கேள்வி, நானூறு ஆண்டுகளாக நம் தமிழ்த் திருஅவையின் மனச்சான்றை உறுத்திவரும் கேள்வி.

அம்மா, நாம் இன்று பீடத்தில் பயன்படுத்தும் தூபத்தை எண்ணிப் பாருங்கள். பேரரசரின் உருவத்துக்குச் சிறிது சாம்பிராணி இட மறுத்ததற்காகத் தொடக்ககாலக் கிறிஸ்தவர் உயிரை இழந்தார்கள். பின்னர் அதே தூபம், பொருள் மாறி, உயிருள்ள கடவுளுக்கு உரியதாக ஆலயத்துக்குள் வந்தது. 1963 டிசம்பரில் வெளியான, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சட்டம், ஒரு மக்களின் வாழ்வுமுறையில் மூடநம்பிக்கையோடும் தவற்றோடும் பிரிக்க முடியாதபடி பிணைந்திராத எதையும் திருஅவை பரிவோடு ஆராய்ந்து, இயன்றால் காத்துக்கொள்கிறது என்று கூறுகிறது. இந்திய ஆயர்கள் அந்த வழியில் அனுப்பிய பன்னிரண்டு பரிந்துரைகளுக்கு உரோமை 1969 ஏப்ரல் 25 அன்று ஒப்புதல் அளித்தது. ஆரத்தி, எண்ணெய் விளக்கு, கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல், காலணி கழற்றுதல் ஆகியவை அந்த அனுமதிக்குள் வருபவை. இம்முயற்சிக்கு முதுகெலும்பாய் நின்றவர் செஞ்சிப் பகுதியில் பிறந்த தமிழரான அருள்பணி அமலோர்பவதாஸ். பெங்களூரில் 1967இல் தொடங்கிய தேசிய மறைக்கல்வி, விவிலிய, திருவழிபாட்டு மையத்தை அவர் வளர்த்தெடுத்தார். ஆகவே உங்கள் பங்கில் நடப்பது ஒருவருடைய தன்விருப்பச் செயலன்று. விளக்கு யாருக்கு ஏற்றப்படுகிறது என்பதை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அது விடுபட்டால்தான் குழப்பம் வரும்.

தம்பி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி தெ நொபிலி, கிறிஸ்தவராவது என்றால் பரங்கியராவது, அதாவது ஐரோப்பியராக மாறுவது, என்று மக்கள் நினைத்திருந்ததைக் கண்டார். பெயரை, உடையை, உணவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை நற்செய்தி யார்மீதும் சுமத்தவில்லை என்பது அவருடைய உறுதி. தாமே காவி உடுத்தி, புலால் துறந்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவ போதகர் என்ற பெயரோடு வாழ்ந்தார். உடன்பணியாற்றிய துறவியே அவர்மீது முறையிட்டார். வழக்கு உரோமை வரை சென்றது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கையின் கூறுகளை நீக்கிவிட்டுப் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். வேறொரு மக்களின் வாழ்வுமுறையை அந்நியமென ஒதுக்காமல் ஏற்ற அந்தத் துணிவை நான் எப்போதும் மதிப்பேன்.

ஆனால் அந்த ஆவணத்துக்கு இன்னொரு பகுதியும் உண்டு. அது நம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. குலப்பெருமை பாராட்டுகிறவர்கள் எளிய நிலையினரை இகழக் கூடாது. சிறப்பாக ஆலயத்தில் இறைவார்த்தை கேட்பதிலும் அருளடையாளங்கள் பெறுவதிலும் அவர்களிடமிருந்து விலகி நிற்கக் கூடாது என்று திருத்தந்தை அங்கே மன்றாடிக் கேட்டுக்கொள்கிறார். அனுமதியை நாம் பெற்றுக்கொண்டோம். மன்றாட்டைக் காற்றில் விட்டோம். பின்வந்த காலத்தில் உயர்குலத்தார்க்கு ஒரு வகைத் துறவியரும் மற்றவர்க்குப் பண்டாரசாமிகள் என்னும் வேறொரு வகைத் துறவியரும் என்று மறைப்பணியே இரண்டாகப் பிரிந்தது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணை, பறையர் குலத்தில் நோயுற்றுக் கிடப்பவர்க்கு அவர்களுடைய வீட்டுக்குள் சென்றே அருளடையாளங்கள் வழங்க மறைப்பணியாளர் மறுக்கக் கூடாது என்று கட்டளையிட்டது. இதை ஓர் ஆணையாகவே எழுத வேண்டிய நிலை இருந்தது என்றால், அதற்கு முன் எத்தனை பேர் வாசலுக்கு வெளியே தூக்கிவந்து கிடத்தப்பட்டிருப்பார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்தும், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அந்தப் பிரிவினையைத் தங்கள் உரிமையென்று கோரி வழக்குத் தொடுத்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே.

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றது ஒன்று உண்டு. பண்பாட்டுக்குள் நுழைவது மட்டும் போதாது. எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதை இரக்கம் முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவை மதிப்புக்கும் செல்வாக்குக்கும் விட்டுவிட்டால், ஒரு சமூகத்தில் ஏற்கெனவே உயர்ந்ததாகக் கருதப்படுவதையே நாம் மீண்டும் திருநிலைப்படுத்துவோம். 1969இன் பன்னிரண்டு பரிந்துரைகளும் நல்லவைதாம். எனினும் அவற்றைத் தொடர்ந்து எழுந்த ஆசிரம மரபும் மந்திர மொழியும் பெரும்பாலும் மேல்தட்டின் பண்பாட்டையே இந்தியப் பண்பாடாக எடுத்துக்கொண்டன என்று தலித் இறையியலாளர் எழுப்பிய குற்றச்சாட்டை மறுக்க எனக்குக் காரணம் ஏதும் கிடைக்கவில்லை. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். அவர்களுடைய ஆட்டமும் பாட்டும் ஒப்பாரியும் தோல்கருவியும் இந்தியப் பண்பாடு இல்லையென்றால் வேறு எது?

பறை ஆலயத்துக்கு ஆகாது என்று சொல்கிறவர்கள் அதற்குத் திருவழிபாட்டுக் காரணம் சொல்லட்டும், அவர்களால் முடியாது. சாவு வீட்டில் அடிக்கப்படுவது என்பதுதான் அவர்களுடைய காரணம் என்றால், சாவை வென்றவரின் திருப்பலியில் அடிக்க அதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. பல பங்குகளில் காணிக்கைப் பவனியின்போது இன்று பறை முழங்குகிறது. பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடலில், நாம் சில வேளைகளில் நம்முடைய பண்பாட்டையே தேவையின்றிப் புனிதமாக்கிவிடுகிறோம், அது நற்செய்தி ஆர்வமன்று, வெறி என்ற பொருளில் எச்சரிக்கிறார். அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டு உங்கள் பங்குப் பேரவைக்குச் செல். தனியாகச் செல்லாதே, உன் தெருவின் பெரியவர்களையும் அழைத்துச் செல்.

கேள்வி: நான் இந்து. கிறிஸ்தவப் பள்ளியில் படித்தேன். என் பிள்ளைகள் கிறிஸ்தவ மருத்துவமனையில் பிறந்தார்கள். உங்கள் தொண்டில் மதமாற்றம் என்ற நோக்கம் உள்ளே இருக்கிறதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நேரடியாகப் பதில் சொல்வீர்களா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நேரடியாகவே சொல்கிறேன். தொண்டு தூண்டிலாக இருந்தால் அது பாவம். 1965இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மறைப்பணி ஏடு, நம்பிக்கையை ஏற்க ஒருவரை வற்புறுத்துவதையும் தகாத வழிகளில் ஈர்ப்பதையும் கண்டிப்பாகத் தடைசெய்கிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 கிறிஸ்துமஸ் நாளிட்ட தம் முதல் சுற்றுமடலில், அன்புப்பணி வேறு நோக்கங்களை அடையும் வழியாகச் செய்யப்படுவதன்று என்றும், திருஅவையின் பெயரால் அதைச் செய்கிறவர் தம் நம்பிக்கையைப் பிறர்மீது திணிக்க ஒருபோதும் முயலார் என்றும் எழுதினார். எப்போது கடவுளைப் பற்றிப் பேச வேண்டும், எப்போது பேசாமல் அன்பை மட்டும் பேசவிட வேண்டும் என்பது கிறிஸ்தவருக்குத் தெரியும் என்பதும் அங்கே உள்ள கருத்துதான்.

அப்படியானால் நாங்கள் நற்செய்தியை அறிவிக்க விரும்பவில்லையா? விரும்புகிறோம், அதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சியை ஒருவரும் கேட்க வேண்டாம் என்று எண்ணினால் அதை நாங்களே மதிக்கவில்லை என்றாகும். ஆனால் கேட்பவர் ஏற்பதும் மறுப்பதும் அவருடைய மனச்சான்றின் உரிமை. அந்த உரிமையை 1965 டிசம்பர் 7 அன்று சங்கம் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் வந்து மொட்டை அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிச் செல்கிற மக்களில் மிகப் பலர் உங்களைப் போன்றவர்கள். அவர்களிடம் ஒருவரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. 2024 ஆகஸ்டில் அத்திருத்தலத்தைப் பற்றி வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை எழுதிய மடலும், பிற சமயத்தார் அங்கே வந்து ஆறுதல் பெறுவதை ஐயத்தோடு பார்க்காமல், தூய ஆவியாரின் செயலைக் கண்டு நன்றியோடு பேசுகிறது. தாயின் வீட்டுக்கு வந்தவர்களிடம் கணக்குக் கேட்பது எங்கள் வேலையன்று.

கேள்வி: என் அக்காளின் மகன் சென்ற ஆண்டு தன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஆலயத்துக்குள் உடலைக் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் தடுத்தார்கள். கடைசியில் வீட்டில் செபம் சொல்லி அடக்கம் செய்தோம். அக்காள் அன்றிலிருந்து ஆலயத்துக்கு வருவதில்லை. அவனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா?
— வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: அம்மா, ஒப்புக்கொடுக்கலாம். இன்றே கொடுங்கள். உங்கள் அக்காளிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

1917ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டம், தெளிந்த மனத்தோடு தம் உயிரைப் போக்கிக்கொண்டவர்களுக்குத் திருஅவையின் அடக்கச் சடங்கை மறுத்தது உண்மை. உங்கள் ஊர்ப் பெரியவர்களின் நினைவில் நிற்பது அதுதான். 1983இல் வந்த புதிய சட்டத்தில், அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர்கள் இல்லை. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏடும் தன் 2282, 2283ஆம் எண்களில் கடுமையான மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்று சொல்கிறது. தாமே உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் நிலைவாழ்வைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுள் அவர்களுக்கு மனந்திரும்பும் வாய்ப்பை அளிக்க முடியும் என்றும், திருஅவை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கற்பிக்கிறது. உங்கள் ஊரில் தடுத்தவர்கள் திருஅவையின் சட்டத்தைக் காக்கவில்லை. நீங்கிப்போன ஒரு சட்டத்தின் பெயரால் ஒரு தாயைத் தண்டித்தார்கள்.

நற்செய்தி அறிவிப்பு என்றால் தொலைநாட்டுக்குப் போவது என்று நாம் எண்ணுகிறோம். அன்று அந்த வீட்டு முற்றத்தில் நின்ற அண்டைவீட்டார், கிறிஸ்தவர் அல்லாதவர் உட்பட, நம் கடவுள் எப்படிப்பட்டவர் என்பதை அந்த ஒரு நாளிலேயே தெரிந்துகொண்டிருப்பார்கள். ஆகவே உங்கள் பங்குத்தந்தையிடம் சென்று, ஆண்டு நினைவுத் திருப்பலியை ஊரறிய, மகனின் பெயரைச் சொல்லி, ஆலயத்தில் நிறைவேற்றுமாறும், பின்னர் எல்லாரும் சேர்ந்து கல்லறைக்குச் சென்று மந்திரிக்குமாறும் கேளுங்கள். அவர் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன். மறுத்தால் ஆயர் இல்லத்துக்கு எழுதுங்கள். அக்காளை முதல் நாளே ஆலயத்துக்கு அழைக்க வேண்டாம். அவர் வீட்டில் அன்பியக் கூட்டத்தை, அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் கூட்டத்தை, வையுங்கள். அவர் பேச விரும்பினால் மகனைப் பற்றிப் பேசட்டும். நீங்கள் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். துயரம் அவரைத் தனியே விழுங்குவதுபோல் தோன்றினால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் நம்பிக்கைக் குறைவு ஏதும் இல்லை.

கேள்வி: இவையெல்லாம் பெரிய செய்திகள். எங்கள் அன்பியத்தில் பன்னிரண்டு குடும்பங்கள்தாம். நாங்கள் என்ன செய்ய முடியும்?
— அன்பியப் பொறுப்பாளர், திருப்பூர்

பதில்: உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். பின்னலாடைத் தொழிலுக்காக ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தொழிலாளரில் கத்தோலிக்கப் பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். குருக், முண்டாரி, சாத்ரி ஆகிய மொழிகளைப் பேசுகிறவர்கள் அவர்கள். தமிழ்த் திருப்பலியில் பின்வரிசையில் நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விடுவார்கள். ஒரு காலத்தில் நம் மண்ணுக்கு வந்தவர்கள் நம்மிடம் எதிர்பார்த்த வரவேற்பை, இன்று அவர்கள் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள். இப்போது வீட்டுக்காரர் நாம்.

அவர்கள் தங்கியிருக்கும் விடுதிகளை முதலில் கண்டுபிடியுங்கள். சம்பள நாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களுக்கு ஓய்வு கிடைக்கக்கூடும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை இந்தியில் திருப்பலிக்கு ஏற்பாடு செய்யப் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். நோயுற்றால் அரசு மருத்துவமனையில் உடன் நின்று மருத்துவர் சொல்வதை மொழிபெயர்க்க, இந்தி தெரிந்த இரண்டு பேரை உங்கள் பன்னிரண்டு குடும்பங்களிலிருந்து பொறுப்பாக நியமியுங்கள். ஊதியம் நிறுத்தப்பட்டது போன்ற சிக்கல் வந்தால் மறைமாவட்டச் சமூகப்பணி மையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். கிறிஸ்துமஸ் இரவில் அவர்கள் மாந்தர் எனப்படும் தங்கள் மேளத்தோடு சாத்ரியில் பாட ஒரு பாடலுக்கு இடம் ஒதுக்கி, அதைப் பாடகர் குழுவிடம் நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் நேரமில்லை என்று விடுபட்டுப்போவது அந்தப் பாடலாகத்தான் இருக்கும்.